பழுது பார்த்தலும் காரணம் பார்த்தலும்

கருவியைப் புதிதாகச் செய்தவனை உலகம் போற்றுகின்றது. கெட்டுப்போன கருவியைச் செப்பனிடுகின்றவனுக்கோ கூலியை மாத்திரம் கொடுத்து அனுப்பிவிடுகின்றது. செய்தல் அறிவின் தொழில் என்றும், செப்பனிடுதல் கையின் தொழில் என்றும் நம்மிற் பலர் எண்ணியிருப்பதே இதற்குக் காரணம். கல்வி கற்றோர் நடுவே இவ்வெண்ணம் மிகுதியும் வேரூன்றியுள்ளது. பௌதிக நூலில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் படத்தை வரைந்து, உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு நிலைகளையும் பிழையற எழுதிப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய மாணாக்கர், தம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் புகை கக்கினால், அதன் காரணத்தை எங்கே தேடத் தொடங்குவது என்று அறியார். அவ்வாறு அறியாதவருள் நாமும் ஒருவராய் இருந்தோம். அவ்வறியாமை ஒரு பழைய எஞ்சினால் நீங்கிய வரலாற்றையும், அதினின்று நாம் கொண்ட கருத்தையும் இங்கே எழுதத் துணிகின்றோம்.

மேடு பள்ளம், மணல், சேறு, பனி என்னும் வேறுபாடின்றி எவ்விடத்தும் செல்லத்தக்க சிறு வாகனத்தை அமெரிக்கர் ஏ.டி.வி. என்று வழங்குவர். அதன் பிறப்பு வியாபாரத்தை ஒட்டியது. அந்நாட்டில் குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் விற்பனை குன்றிவிடும். ஆதலின் அக்காலத்தும் விற்கத்தக்க வாகனம் ஒன்று வேண்டுமென்று ஹோண்டா கம்பெனியின் அமெரிக்கக் கிளையார் 1967ஆம் ஆண்டில் ஜப்பானியத் தலைமையிடத்தைக் கேட்டனர். ஒசாமு டாக்கேயூச்சி என்னும் பொறியாளர் பலவகை அமைப்புக்களைச் சோதித்து, மூன்று சக்கரமும், காற்று மிகக் குறைவாக அடைத்த பருத்த டயர்களும் உடையதே ஏற்றது என்று கண்டார். 1970ஆம் ஆண்டில் அது யு.எஸ். 90 என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்து, பின்னர் ஏ.டி.சி. 90 எனப் பெயர் மாறிற்று. வில்லும் ஸ்பிரிங்கும் அதற்கில்லை. டயர்களே அதிர்ச்சியைத் தாங்கின. விளையாட்டுப் பொருளாய் வந்த அதனைச் சின்னாட்களில் பண்ணைக்காரரும் தம் வேலைக்குக் கைக்கொண்டனர். 1982ஆம் ஆண்டில் சுசுக்கி கம்பெனியார் நான்கு சக்கர வாகனத்தை வெளியிட்ட பின்னர், அவ்வகையே மெல்ல மெல்ல மேலோங்கிற்று.

நாம் உத்தியோக நிமித்தம் அமெரிக்க நாட்டின் நாட்டுப்புறம் ஒன்றிற் சில காலம் வசித்தபோது, அயல்வீட்டு நண்பரின் கொட்டகையில் இத்தகைய மூன்று சக்கர வாகனம் ஒன்று கிடந்தது. அவர் தந்தையார் வாங்கியது. கயிற்றை இழுத்தால் நெடுநேரத்திற்குப் பின் உயிர் பெறும். நீலப் புகை கொட்டகையை நிறைக்கும். சிறு மேட்டிலும் ஏறாமல் நின்றுவிடும். விடுமுறை நாட்களில் நாம் இருவரும் சேர்ந்து அதனைச் செப்பனிடுவதென்று தீர்மானித்தோம். அவருடைய தமையன் மகனாகிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் விளக்குப் பிடித்து உதவி செய்தான்.

எஞ்சினின் மேற்பகுதி என்பது யாது என்பதை, அறியாதார் பொருட்டுச் சுருங்கச் சொல்லுவோம். எஞ்சினில் அடிப்பகுதி என்றும் மேற்பகுதி என்றும் இரு பிரிவு உண்டு. அடிப்பகுதியில் கிராங்க் அச்சும் கியர்களும் எண்ணெயில் மூழ்கி இருக்கின்றன. மேற்பகுதியிலோ சிலிண்டரும், அதனுள் ஓடும் பிஸ்டனும், பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகளும், சிலிண்டரை மூடிய ஹெட்டும், அந்த ஹெட்டில் திறந்து மூடும் வால்வுகளும் உள்ளன. தீயும் அழுத்தமும் நேரே தாக்குவது மேற்பகுதியையே. ஆகவே அதுவே முன்னர்த் தேய்கின்றது. நாம் கூறும் எஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவு 50 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தூரம் 45.6 மி.மீ. கணக்கிட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 89.5 கன சென்டிமீட்டர் வரும். ஒரு தேநீர்க் கிண்ணத்திற்கும் குறைந்த அச்சிறு வெளியில் நிகழும் வெடிப்பே மனிதனையும் சுமையையும் இழுத்துச் செல்லுகின்றது.

நாம் முதலிற் செய்த பிழையை மறைக்காமற் கூறுதல் நன்று. புகை வந்தால் ரிங் தேய்ந்தது என்று எவரோ சொன்னதைக் கேட்டு, ரிங்குகளை வரவழைத்தோம். எஞ்சினைப் பிரித்தோம், பழைய ரிங்குகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினோம், புதிய காஸ்கெட் வைத்து மூடினோம். எந்த அளவையும் எடுத்தோமில்லை. ஒரே மாலையில் வேலை முடிந்தது. வாகனம் முன்னிலும் விரைவாக ஓடிற்று. நாமும் நம் திறமையை மெச்சிக்கொண்டோம். சில வாரங்கள் கழியுமுன் பழைய நீலப் புகை மீண்டும் எழுந்தது. அதன்பின் அண்டையூரில் நெடுங்காலம் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் சென்று நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் நாம் மாற்றியவை எவை என்று கேட்கவில்லை. அளந்தவை எவை என்று கேட்டார். நாம் விடை சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றோம்.

அளவாமையால் நேர்ந்த கேடு என்னவென்பதைப் பள்ளிக் கணிதமே விளக்கும். ரிங் என்பது ஓரிடத்தில் வெட்டுண்ட வளையம். சிலிண்டரில் வைத்தபோது அவ்வெட்டின் இரு முனைகட்கும் நடுவே, இவ்வளவு சிறிய எஞ்சினில், 0.2 மி.மீ. அளவிலே இடைவெளி இருப்பது பொருந்தும். சிலிண்டர் தேய்ந்து அதன் குறுக்களவு 0.1 மி.மீ. மிகுந்ததாகக் கொள்வோம். வட்டத்தின் சுற்றளவு குறுக்களவின் 3.14 மடங்காதலால், இடைவெளி 0.31 மி.மீ. கூடி, அரை மில்லிமீட்டராய் விரிந்துவிடும். அதன் வழியே எரிந்த வாயு கீழிறங்கும். இம்மட்டோ? சிலிண்டர் மேலும் கீழும் ஒருபடித்தாகத் தேய்வதில்லை. எண்ணெய் குறைந்தும் வெப்பம் மிகுந்தும் உள்ள மேல் எல்லையிலேயே மிகுதியும் தேய்கின்றது. ஆதலின் ரிங் மேலே ஏறும்போது விரிந்தும், கீழே இறங்கும்போது சுருங்கியும் அல்லற்படும். நிமிஷத்துக்கு 6,000 சுழற்சி என்றால், பிஸ்டன் ஒரு செகண்டுக்கு 100 முறை ஏறவும் 100 முறை இறங்கவும் செய்கின்றது. இத்தகைய சிலிண்டரில் புதிய ரிங் எத்தனை நாள் நிலைக்கும்? நாம் வாங்கிய ரிங்கில் யாதொரு குற்றமும் இல்லை. குற்றம் நம் அவசரத்தில் இருந்தது.

இரண்டாம் முறை வேறு விதமாகத் தொடங்கினோம். எஞ்சினைத் திறப்பதற்கு முன்னரே அதனிடம் கேட்டறியத்தக்கவை பல உள. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, கார்புரேட்டரை முழுதும் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்தால், உள்ளே எழும் அழுத்தம் தெரியும். குறைவாயின், ஒரு சிறு கரண்டி எண்ணெயை அத்துளை வழியே விட்டு மீண்டும் இழுத்துப் பார்க்கவேண்டும். அழுத்தம் இப்போது உயர்ந்தால், எண்ணெய் ரிங்கின் சந்தை அடைத்தது என்பது பொருள். உயராவிட்டால் வால்வின்மீது ஐயம் செல்லும். இன்னும் நுட்பமானது, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி அமுக்கிய காற்றை உள்ளே செலுத்திச் செவி கொடுத்துக் கேட்டல். புகைக்குழாயில் சீறினால் வெளிவிடும் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் உள்வாங்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கும் சிலிண்டரும். நல்ல வைத்தியர் நாடி பார்த்த பின்னரே மருந்து கூறுவர். யந்திரத்திற்கு மாத்திரம் நாம் நாடி பாராமல் மருந்து கொடுக்கின்றோம்.

பின்னர்த் திறந்தோம். திறத்தலிலும் முறை உண்டு. முதலில் வெளியழுக்கை முற்றும் கழுவுதல் வேண்டும். இன்றேல் வெளியிலிருந்த மணல் உட்புகும். வால்வுகளை இயக்கும் செயினைக் கழற்றுமுன் அதனைக் கம்பியால் கட்டிவைத்தல் வேண்டும். இன்றேல் அது எஞ்சினின் அடிவயிற்றில் விழுந்துவிடும். ஹெட்டின் நட்டுக்களை ஒன்றையே முழுதும் திருகிக் கழற்றாமல், எதிர் எதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துதல் வேண்டும். இன்றேல் அலுமினியம் கோணும். பிஸ்டன் பின்னின் இருபுறமும் உள்ள லாக்குகளை எடுக்குமுன் கீழ்வாயைத் தூய துணியால் அடைத்தல் வேண்டும். இவையனைத்தும் அற்பமாகத் தோன்றும். ஆனால், கீழே விழுந்த ஒரு லாக்கை எடுப்பதற்காக எஞ்சின் முழுவதையும் பிரித்தவர்க்கு இவற்றின் அருமை தெரியும்.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்தும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்தோம். ஆறு எண்கள் வந்தன. அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி நோக்கியபோது, நம் ஐயம் முழுதும் தீர்ந்தது. மேலே முன்பின்னாக எடுத்த அளவு ஏனையவற்றினும் மிகுந்திருந்தது. கிராங்க் சுழலும்போது தண்டு சாய்ந்து நின்று பிஸ்டனை அத்திசையிலே சுவரோடு அழுத்துவதால், தேய்வும் அத்திசையில் மிகுவது இயல்பு. வட்டமாய் இருந்தது நீள்வட்டமாயிற்று. நேராய் இருந்தது புனல்போலாயிற்று. இதற்கு ரிங் மாற்றுதல் மருந்தன்று. லேத் பட்டறையில் போர் செய்து, ஓரளவு பெரிய பிஸ்டனைப் பொருத்துதலே மருந்து. இதன் பொருட்டே 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. எனப் படிப்படியாகப் பெருத்த பிஸ்டன்களைச் செய்து விற்கின்றனர். எஞ்சினை ஒருமுறையன்றிப் பலமுறை புதுப்பிக்கலாம் என்று அதனை அமைத்தவரே எண்ணியிருந்தனர் என்பது இதனால் விளங்கும். கடைசிப் படியாகிய 1 மி.மீ. வரை போர் செய்தாலும் கொள்ளளவு 93 கன சென்டிமீட்டரைச் சிறிதே தாண்டும்.

போர் செய்யுமுன் பிஸ்டனைக் கையிற் கொண்டுவரவேண்டும் என்று பட்டறைக்காரர் வற்புறுத்துவர். அது பிடிவாதம் அன்று. அலுமினியம் வெப்பத்தால் இரும்பைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். குளிர்ந்தபோது பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே, மனிதன் தலைமயிரின் பருமனிலும் குறைந்த இடைவெளி விடவேண்டும். அது மிகுந்தால் பிஸ்டன் தட்டும். குறைந்தால் சூடேறி இறுகிப் பற்றிக்கொள்ளும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், வந்த பிஸ்டனையே அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைத் துளைப்பதே முறை.

இவ்வளவு செய்தபின்னும் ஒரு வினா எஞ்சிற்று. சிலிண்டர் இவ்வாறு தேய்ந்தது ஏன்? மூப்பினாலே என்று சொல்லி நாம் திருப்தியடைந்திருக்கலாம். ஆனால், காற்றை வடிகட்டும் பெட்டியைத் திறந்தபோது, அதனுள் இருந்த நுரைத்துணி உளுத்து உதிர்ந்திருந்தது. வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவேயுள்ள ரப்பர்க் குழாயும் வெடித்திருந்தது. மணலும் மண்தூளும் நேரே உட்சென்று, எண்ணெயோடு கலந்து, சாணைச் சாந்துபோலாகிச் சுவரைத் தேய்த்துவந்தன. ஆயின், நாம் முதல் முறை மாட்டிய ரிங்குகளையும் அதுவே தின்றது. இம்முறை போட்ட புதிய பிஸ்டனையும் அதுவே தின்றிருக்கும். மிகச் சொற்பமான விலையுடைய நுரைத்துணியை மாற்றாமல் விலையுயர்ந்த பிஸ்டனை மாற்றுதல், ஓட்டைப் பானையில் மேன்மேலும் நீர் வார்த்தலை ஒக்கும்.

இங்கேதான் நம் கருத்தின் உயிர் நிலை உளது. கெட்டதை மாற்றுதல் ஒன்று. கெடுத்ததைக் கண்டறிதல் மற்றொன்று. முன்னது கைவினை, பின்னது அறிவு. பின்னது இன்றி முன்னதைச் செய்தல் பழுது பார்த்தல் ஆகாது. பழுதைச் சில நாள் ஒத்திவைத்தலே ஆகும்.

எஞ்சிய வேலைகளை விரித்துரைப்பின் இக்கட்டுரை மிக நீளும். வால்வுகளைச் சாந்திட்டுத் தேய்த்து, அவை தம் இருக்கையிற் சாம்பல் நிறமான ஒரே சீரான வளையமாகப் படிந்தனவா என்று கண்டோம். ஹெட்டைக் கவிழ்த்துப் பெட்ரோல் வார்த்து, ஒரு துளியும் கசியவில்லை என்பதை உறுதிசெய்தோம். ஹெட்டின் முகம் கோணாமல் உள்ளதா என்று நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் நோக்கினோம். போர் செய்து வந்த சிலிண்டரைப் பெட்ரோலால் துடைத்ததோடு அமையாமல், சோப்பும் வெந்நீரும் இட்டுத் தேய்த்துக் கழுவினோம். வெள்ளைத்துணியால் துடைத்து, அதில் சாம்பற்கறை படியாதவரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தோம். சாணைக்கல்லின் தூள் சுவரின் நுண்ணிய கீறல்களில் தங்கிவிடும். அதனைப் பெட்ரோல் முற்றும் அகற்றாது. ரிங்குகளின் வெட்டுக்கள் ஒரே நேர்கோட்டில் நில்லாதபடி சுற்றிலும் பிரித்து வைத்தோம். செயினைப் பூட்டுகையில் குறிகள் ஒத்திருத்தலைச் சரிபார்த்தோம். ஸ்டார்ட் செய்யுமுன் கையாலேயே எஞ்சினைச் சில சுற்றுக்கள் மெல்லச் சுழற்றி, எதுவும் முட்டவில்லை என்பதை அறிந்தோம். வால்வின் இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, 0.05 மி.மீ. அளவில் நிறுத்தினோம். முதல் மாலையில் முடித்த வேலை இம்முறை ஐந்து வாரம் கொண்டது. ஆனால், அதன்பின் அவ்வெஞ்சின் புகைந்ததில்லை.

இதற்கு மறுப்புரைப்பார் உளர். காலம் பொன்னாயிற்றே, ஐந்து வாரம் உழைத்து ஒரு பழைய எஞ்சினை உயிர்ப்பித்தலினும் புதியதை வாங்குதல் அறிவுடைமை அன்றோ என்பர். அவர் கூற்றை நாம் புறக்கணிக்கவில்லை. இவ்வகைச் சிறு எஞ்சின்களைப் போலச் செய்த புதிய எஞ்சின்கள் சீன நாட்டினின்று மலிவாக வருகின்றன. போர் கூலியும், பிஸ்டனும், காஸ்கெட்டும் சேர்ந்தால் செலவு அதனை நெருங்கவும் கூடும். பிழைப்புக்காக வாகனம் ஓட்டுகிறவனும், நாளை உழவேண்டிய பண்ணைக்காரனும் புதியதை வாங்கினால் அவரைக் குறை கூறுவது நீதியாகாது. அடிப்பகுதியும் சேர்ந்து கெட்ட எஞ்சினைக் கட்டி அழுதலும் மடமையே. ஆனால், உளுத்த நுரைத்துணியை அறியாதவன் புதிய எஞ்சினை வாங்கினும், அதே பெட்டியை அதே பிளந்த குழாயோடு மாட்டி, அதனையும் தேய்த்தழிப்பான். காசு அறியாமைக்கு மாற்றாகாது என்பதே நாம் கூறுவது.

மற்றொன்றும் கருதத்தக்கது. அரை நூற்றாண்டுக்கு முந்திய அவ்வெஞ்சினைத் திறக்க, எவரிடத்தும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை. சில ஸ்பேனர்களும், அளவுகோல்களும், கம்பெனியார் அச்சிட்ட கையேடும் போதும். இக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் அமர்ந்து காவல் செய்கின்றது. பழுதின் பெயரைச் சொல்லும் மென்பொருள் விற்றவரிடமே இருந்துவிட்டால், வாங்கியவர் தம் பொருளைத் தாமே திறக்க இயலாதவராகின்றார். இது தகாதென்று கருதியே கொலராடோ மாகாணத்தார் 2023ஆம் ஆண்டில் பண்ணை யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றினர். அது 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நம் இந்திய சர்க்காரும் 2022ஆம் ஆண்டில் இவ்வுரிமை குறித்து ஓர் இணையதளத்தைத் தொடங்கினர். இவை நன்முயற்சிகளே. ஆனால், உரிமையைச் சட்டம் தரலாம். அதனை ஆளும் ஆற்றலைச் சட்டம் தராது. திறக்கத் தெரியாதவனுக்குத் திறக்கும் உரிமையால் ஆவதென்?

இனி, நாம் மிகவும் கவலையோடு சொல்லவேண்டிய ஒன்று உளது. எஞ்சின் நன்றாக ஓடத் தொடங்கிய நாளில், நம் நண்பர் அவ்வாகனத்தை விளக்குப் பிடித்த அச்சிறுவனுக்கே பரிசாகக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். சிறுவன் மகிழ்ச்சியால் துள்ளினான். நமக்கோ மனம் துணுக்குற்றது.

மூன்று சக்கர ஏ.டி.வி.யின் வரலாறு துயரமும் கலந்தது. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டுள்ளன. காரில் உள்ளதுபோல் டிஃபரென்ஷியல் இல்லாமையால், திரும்பும்போது வெளிச்சக்கரம் மிகுதியாகச் சுழல வழியில்லை. ஓட்டுகிறவர் தம் உடலைச் சாய்த்து உட்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தாலன்றி வண்டி எளிதில் திரும்பாது. முன்னே ஒரே சக்கரமாதலின், திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தாலும், சரிவில் குறுக்கே சென்றாலும் கவிழ எளிது. சைக்கிள் பழகியவர் இயல்பாகக் காலை ஊன்றினால், பின்சக்கரம் அக்காலின்மீதே ஏறும். 1980களில் விபத்துக்கள் பெருகவே, அமெரிக்க சர்க்காரும் கம்பெனியாரும் 1987ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1988ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை ஏற்றது. கம்பெனியார் புதிய மூன்று சக்கர வாகனங்களை அங்கே விற்பதை விட்டனர். 2008ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய புதிய வாகனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. பழையவற்றை வைத்திருத்தலை அது தடுக்கவில்லை. ஆகவே சட்டம் மௌனமாக இருந்த இடத்தில் மனச்சாட்சியே பேசவேண்டியதாயிற்று.

நாம் நண்பரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிற்று. தாமும் அவ்வயதில் அவ்வண்டியிலேயே பழகியதாகவும், தமக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை என்றும் கூறினார். அது மெய்யே. ஆனால், தீங்கு நேராதவர் மாத்திரமே பின்னாளில் இவ்வாறு சொல்ல எஞ்சியிருப்பர் என்று நாம் விடையிறுத்தோம். இச்சொல் அவரைப் புண்படுத்திற்று. சில வாரம் நம்மோடு அவர் மனம் விட்டுப் பேசவில்லை. நாமும் பிறர் வீட்டுக் காரியத்தில் தலையிட்டோமோ என்று வருந்தினோம். எனினும், புகைந்து நின்ற நாள்வரை அவ்வண்டி எவர்க்கும் அபாயம் செய்யவில்லை என்பதையும், அதனை மேடேறச் செய்தவர் நாமே என்பதையும் மறக்கக்கூடவில்லை. வலிமையை மீட்டுத் தந்தவன், அவ்வலிமை எவர் கையிற் செல்லுகின்றது என்பதைக் குறித்துக் கவலையற்றிருத்தல் எங்ஙனம்? பின்னர் நண்பர் தாமாகவே வந்து, வண்டியைச் சிறுவனுக்குத் தருவதில்லை என்றும், சமநிலத்தில் தாம் மாத்திரம் தலைக்கவசத்தோடு ஓட்டுவதென்றும் முடிவு செய்ததைத் தெரிவித்தார். சிறுவனுக்கு ஏமாற்றமே. அவனுக்கு ஈடாக, கொட்டகையின் மூலையிற் கிடந்த புல்வெட்டும் யந்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்க்கக் கொடுத்தார். அவன் முதலில் மைக்ரோமீட்டரைத் தேடினான் என்று பின்பு அவர் எழுதியிருந்தார்.

ஆகவே செப்பனிடுவோர்க்குக் கடமைகள் மூன்று என்பது நம் துணிபு. அளவாமல் எதையும் மாற்றாதிருத்தல் ஒன்று. கெடுத்த காரணத்தைக் காணாமல் வேலையை முடித்ததாகக் கருதாதிருத்தல் இரண்டு. செப்பனிட்ட பொருளால் பிறர்க்கு வரக்கூடிய தீங்கை அறிந்தவாறே எடுத்துரைத்தல் மூன்று. முதலிரண்டும் இல்லையேல் பொருள் கெடும். மூன்றாவது இல்லையேல் மனிதர் கெடுவர். இம்மூன்றும் எஞ்சினுக்கு மாத்திரம் உரியன அல்ல என்பதை அறிவுடையோர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வைத்தியம், ஆசிரியத்தொழில், அரசாட்சி எல்லாவற்றிலும், காரணத்தை நாடாமல் ரிங்கை மாத்திரம் மாற்றி ஒரே மாலையில் வேலையை முடிப்பவர் பலர்.

நம் கலாசாலை அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் செய்து இதனை முடிப்போம். பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் ஒரு மூலையில், ஓடாத பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை வைத்தல் வேண்டும். அதனை வாங்கப் பெருஞ்செலவாகாது. பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும். ஆண்டுதோறும் புகும் மாணாக்கர், மாணவியர் அனைவரும், எந்தப் பாடத்தை எடுத்தவராயினும், ஒரு முறையேனும் அதனைப் பிரித்து, சிலிண்டரை ஆறிடத்தும் அளந்து, அவ்வெண்களை எழுதி, அது கெட்ட காரணம் இன்னதென்று ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். அது ஓடவேண்டும் என்பதுகூட இல்லை. கையில் எண்ணெய் படிதல் இழிவன்று என்பதையும், எண்ணி அளந்து சொல்லாத சொல் நம்பத்தக்கதன்று என்பதையும் அவர்கள் அறிந்தால் அதுவே போதும். பட்டம் பெற்று வெளிச்செல்லும் நம் இளைஞர், தாம் பெற்ற பொருளைக் காக்கவும், கெட்டதைக் கண்டு அஞ்சாமல் திறந்து நோக்கவும், நோக்கியதை உள்ளவாறு உரைக்கவும் வல்லவராய் விளங்குவாராக.